பாம்புக்கடி இழப்பீட்டு வழக்குகள்: நேரக் கணக்கைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாம்பு கடித்தவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனால் "உடனே ஊசி போடவில்லை" என்ற ஒரே குற்றச்சாட்டுதான் எழுகிறது. உடலை வாங்க மறுத்து உறவினர்கள் உட்கார்கிறார்கள்; அதிகாரிகள் வந்து சமாதானம் பேசுகிறார்கள். பிறகு அதே வாசகத்தை மனுவாக எழுதி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே பதிலில் அதை உடைத்துவிடுகிறார். அந்தச் சிகிச்சையில் உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் அது வெளியே வராமலே போகிறது. ஒழுங்காக வைத்தியம் பார்த்த டாக்டர் வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதும் இதனால்தான். பாம்புக்கடி வழக்கில் கேட்க வேண்டியது நேரக் கணக்கு. எத்தனை மணிக்கு வந்தார், எப்போது யார் என்ன பார்த்தார்கள், முதல் சொட்டு மருந்து எப்போது இறங்கியது என்பதை வைத்துத்தான் அலட்சியம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த "உடனே" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கடித்த பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில வேளை விஷம் இறங்காது. ஏ.எஸ்.வி. எனப்படும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது; அதுவே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அதனால் கடிவாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைப் போடக் கூடாது என்றுதான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் சிகிச்சை நெறிமுறை சொல்கிறது. ரத்தம் உறையாமல் போவது, ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் வருவது, இமை சரிவது, விழுங்க முடியாமல் போவது, மூச்சு தளர்வது, அல்லது வீக்கம் விறுவிறுவென மூட்டைத் தாண்டி ஏறுவது என ஏதாவது ஓர் அறிகுறி தெரிந்தால்தான் மருந்து. தெரியாதவரை, குறைந்தது 24 மணி நேரம் படுக்கையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும்.

ஆகவே காத்திருந்த டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று சொல்ல முடியாது. காத்திருந்த நேரத்தில் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. அரை மணிக்கொரு முறை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, இமை, வீக்கத்தின் அளவு ஆகியவற்றைக் குறித்திருந்தால் அவர் பக்கம் வலுவானது. இரவு 10 மணிக்கு "நோயாளி நலம்" என்று ஒரு வரி, அடுத்த வரி காலை 6 மணிக்கு "மூச்சு நின்ற நிலையில்" என்று இருந்தால், இடையில் உள்ள அந்த எட்டு மணி நேரத்துக்கு ஆஸ்பத்திரி பதில் சொல்லியாக வேண்டும். மனுவில் அந்த இடைவெளியைத்தான் எழுத வேண்டும்.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையிலும் இதே கதைதான். இதற்குப் பெரிய லேப் தேவையில்லை. 2 அல்லது 3 மில்லி ரத்தத்தைப் புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். இவ்வளவு எளிய சோதனை கெட்டுப்போகும் வழிகள் பல. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். கண்ணாடியின் பரப்பு பட்டால்தான் உறைதல் தூண்டப்படும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயிலும் அப்படியே. ஐந்து நிமிடத்துக்கொரு முறை எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவை நம்ப முடியாது. இதனால் தேவையில்லாதவருக்கு மருந்து ஏறுகிறது. இன்னொரு தவறு இதைவிட மோசம்: வந்தவுடன் ஒரு முறை பார்த்து "உறைகிறது" என்று எழுதிவிட்டு மறுபடி பார்க்காமல் விடுவது. முதல் மூன்று மணி நேரம் மணிக்கொரு முறையும், பிறகு 24 மணி நேரம் வரை ஆறு மணி நேரத்துக்கொரு முறையும் பார்க்கச் சொல்கிறது இந்திய நெறிமுறை. கடித்து ஒரு மணி நேரத்தில் உறைந்த ரத்தம் நான்காவது மணியில் உறையாமல் போகலாம். கேஸ் ஷீட்டில் இந்தச் சோதனை எத்தனை முறை, எந்தெந்த மணிக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பார்வையில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் கடும் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார்கள். அல்சர் என்று ஓர் ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாம்பைப் பார்த்ததாக யாரும் சொல்லாததால் டாக்டருக்கும் தோன்றாது. ஆனால் அந்த நேரத்தில் இமையைப் பார்த்திருந்தால் பாதி மூடியிருப்பது தெரிந்திருக்கும். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால் எண்ணிக்கை மணிக்கு மணி குறைவது தெரியும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. ஒரு நிமிடத்தில் முடிகிற இந்த மூன்று பரிசோதனைக்கும் கருவி எதுவும் வேண்டாம். தரையில் தூங்கி எழுந்து வயிற்றுவலியோடு வந்தவருக்கு இவை செய்யப்பட்டதாகக் குறிப்பே இல்லை என்றால், அங்கே கேட்பதற்கு நியாயமான கேள்வி இருக்கிறது. மலேரியா நோயாளிக்கு டைபாய்டு மருந்து கொடுத்த வழக்கில், எல்லா மருத்துவ அலட்சிய வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயம் என்று சொல்ல முடியாது என உச்ச நீதிமன்றம் 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் கூறியிருக்கிறது. ஆனாலும் நிபுணர் கருத்து இல்லாமல் போகாதீர்கள் என்பதே எங்கள் ஆலோசனை. அந்தத் தீர்ப்பு வெளிப்படையான தவறுகளுக்கானது.

கட்டுவிரியன் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுமையாக வாதம் (தசைச் செயலிழப்பு) வந்தவர் கண் திறக்க மாட்டார், கூப்பிட்டால் அசைய மாட்டார், கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காது. மூளைச்சாவு போலவே தோன்றும். உள்ளே நினைவு தெளிவாக இருக்கலாம். வென்டிலேட்டரில் சில நாட்கள், சிலருக்கு அதற்கும் மேல், வைத்திருந்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகக்கூடியவர் அவர். "இனி பயனில்லை, எடுத்துப் போங்கள்" என்று சொல்லும் முன் பாம்புக்கடி வாய்ப்பை நீக்கினார்களா என்று குடும்பத்தினர் கேட்டே ஆக வேண்டும்.

மருந்தின் அளவு பற்றி. நம் நாட்டு ஏ.எஸ்.வி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிரானது. ஒரு குப்பி 10 மில்லி. அறிகுறி தெரிந்ததும் தொடக்கமே 8 முதல் 10 குப்பி. சலைனில் கலந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். பாம்பு குழந்தையைக் கடிக்கும்போது விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை; ஆகவே குழந்தைக்கும் அதே எண்ணிக்கைதான், கலக்கும் சலைனின் அளவு மட்டும் எடைக்கேற்பக் குறையும். கர்ப்பிணிக்கும் குறைக்கக் கூடாது. இரண்டு குப்பி போட்டுவிட்டு "ஏ.எஸ்.வி. கொடுக்கப்பட்டது" என்று எழுதி மேல்சிகிச்சைக்கு அனுப்புவதைச் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ள முடியாது. கேஸ் ஷீட்டில் குப்பி எண்ணிக்கை, தொகுதி எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் நான்கும் இருக்க வேண்டும். தூளாக வரும் மருந்தைக் கரைக்கவே நேரம் பிடிக்கும். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் மெல்லச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும். பத்துக் குப்பியை ஒரே நர்ஸ் கரைக்கும்போது போகிற நிமிடங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் பாதி நேரம் மிச்சம்.

ஒவ்வாமையால் நோயாளி திடீரென்று சரிந்தால் அதுவே அலட்சியம் ஆகிவிடாது. இந்த மருந்தின் இயல்பு அது. தோலில் சிறிதளவு போட்டுப் பார்க்கும் முன்பரிசோதனையும் அதை முன்கூட்டிச் சொல்லாது; அப்படிப் பரிசோதிக்க வேண்டாம் என்பதே நெறிமுறை. மருந்து தொடங்கும் முன், ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைக்கப்பட்டிருந்ததா என்று கேளுங்கள். ஒவ்வாமை தெரிந்ததும் பெரியவருக்கு அதில் அரை மில்லிகிராம் தொடைத் தசையில் போட வேண்டும். மருந்தறையைத் திறக்கச் சாவி தேடிய கதை வெளிவந்தால் ஆஸ்பத்திரிக்குத் தற்காப்பு இல்லை. நல்ல பாம்புக் கடியில் வாதம் தெரிந்தால் அட்ரோபினுடன் நியோஸ்டிக்மின் கொடுத்துப் பார்த்தார்களா என்பதும் முறையான கேள்வி. கட்டுவிரியனுக்கு அது பெரும்பாலும் பலிக்காது.

இன்னொரு வழக்கமான குற்றச்சாட்டு, "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றவில்லை" என்பது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் முதல் பத்துக் குப்பிக்குப் பிறகு, ரத்தம் உறையும் பொருள்களைக் கல்லீரல் மீண்டும் உற்பத்தி செய்ய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் மறுபடி மறுபடி ஏற்றுவது வீண். ஆறு மணி நேரம் கழித்துச் சோதித்து, அப்போதும் உறையவில்லை என்றால்தான் அடுத்த தவணை. நரம்பைத் தாக்கும் நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷத்துக்குக் கணக்கு வேறு. அங்கே ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது பத்துக் குப்பி, அதோடு நிறுத்தம். அதற்குமேல் நோயாளியைக் காப்பாற்றுவது மூச்சுக்கருவிதான்.

இப்போது மேல்சிகிச்சைக்கு அனுப்பும் விஷயம். இதைப் பற்றி நாங்கள் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறோம். உயிர் போவது பெரும்பாலும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே உள்ள சாலையில். அறிகுறி தெளிவாகத் தெரிந்தும், அலமாரியில் மருந்து இருந்தும், முதல் தவணையைக் கொடுக்காமல் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று துண்டுச் சீட்டு எழுதுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் பத்துக் குப்பியைத் தொடங்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மூச்சு தளர்கிறவரை, ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) அழுத்தத் தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் அனுப்பக் கூடாது. சீட்டில் கடித்த நேரம், வந்த நேரம், கண்ட அறிகுறிகள், உறைவுச் சோதனையின் முடிவு, கொடுத்த குப்பி எண்ணிக்கை, புறப்பட்ட நேரம் எழுதப்பட வேண்டும். கட்டுப் போட்டிருந்தால் அதைப் பற்றியும் எழுத வேண்டும். இறுக்கமான கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும் அபாயம் உண்டு, மருந்தும் மூச்சுக்கருவியும் தயாரான பிறகே தளர்த்த வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் ஒதுங்க முடியாது. அவசர நோயாளிக்கு முதலுதவி தருவது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. படுக்கை இல்லை என்று பல அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பிய ஒருவருக்கு, அது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறியது என்று சொல்லி, 1996-இல் மேற்கு வங்க வழக்கில் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட்டது.

அலட்சியம் அல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கிய பிறகு எவ்வளவு ஏ.எஸ்.வி. போட்டாலும் அந்தச் சேதம் திரும்பாது, டயாலிசிஸ் வேண்டியிருக்கும். கடிபட்ட இடத்தின் சதை அழுகுவதையும் இந்த மருந்து முழுதாகத் தடுக்காது, விரல் போனதற்கு டாக்டரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ரத்தம் உறையாத நிலையிலேயே, தசை அழுத்தத்தை அளக்காமல், வீக்கத்தைப் பார்த்து மட்டும் கத்தி வைத்திருந்தால் அது வேறு கதை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த ஒரு குழிவிரியன் உண்டு. அதைச் சுருட்டை என்று தவறாக எண்ணுவது சகஜம். அதன் விஷத்துக்கு நம் ஏ.எஸ்.வி. வேலை செய்யாது. ஒரே வகைப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்திய மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி, 1978-இல் தொடங்கப்பட்ட, சென்னைக்கு அருகே உள்ள வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே போகிறது. எனவே வேறு மாநிலங்களின் பாம்புகளுக்கு மருந்து சற்றுக் குறைவாகப் பலிப்பது பற்றி ஆய்வாளர்கள் பேசிவருகிறார்கள். மருந்தின் குறையை டாக்டர் தலையில் கட்டக் கூடாது.

வழக்கை எங்கே போடுவது? பணம் கட்டிச் சிகிச்சை பெற்றிருந்தால், அல்லது காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையம். உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பு அதற்கு வழி திறந்தது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2019 சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. யாரிடமும் கட்டணம் வாங்காத அரசு மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது, ஓ.பி. சீட்டுக்குச் சில்லறை வாங்கினாலும் அப்படியே. அங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு அல்லது உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அரசு ஆஸ்பத்திரி விவகாரத்தை நுகர்வோர் ஆணையத்தில் போட்டுவிட்டு, அது நிராகரிக்கப்படுவதற்குள் காலத்தை இழப்பது வேதனையான தவறு. போலீஸ் புகாரைப் பொறுத்தவரை, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவு உண்டு. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும். சார்பற்ற மருத்துவக் கருத்தையும் போலீஸ் முதலில் பெற வேண்டும். இழப்பீடு வேண்டுவோருக்கு அது சரியான வாசல் அல்ல.

ஆவணங்களை முதல் வாரத்திலேயே திரட்டுங்கள். கேஸ் ஷீட் நகலை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நர்ஸ் எழுதும் குறிப்பும் மருந்துக் குறிப்பும் வேண்டும், ஏனென்றால் மணிக்கணக்கு அங்கேதான் இருக்கும். முதலில் போன இடத்து ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலை வாங்குங்கள். 108 ஆம்புலன்சில் வந்திருந்தால் அதன் நேரப் பதிவையும் கேளுங்கள். மருந்து இல்லை என்று திருப்பினார்களா? அன்றைய தேதியின் ஏ.எஸ்.வி. இருப்புப் பதிவேட்டுப் பக்கத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இறப்பு நேர்ந்தால் பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கடிவாய்த் தோலையும் அதன் அடித்தசையையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கையில் "விஷம் இல்லை" என்று வந்தாலும் கலங்க வேண்டாம். பாம்பு விஷம் வழக்கமான ரசாயனச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருந்தால், கடித்தவுடன் போன ஆஸ்பத்திரியின் பதிவைக் காட்டி 2 லட்சம் ரூபாய் கோரலாம். இந்தத் தொகைக்கும் அலட்சியத்துக்கும் சம்பந்தம் இல்லை; யார் மீதும் பழி சொல்லாமலே கிடைக்கக்கூடியது.

தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. தனியார் ஆஸ்பத்திரியும் இனி ஒவ்வொரு கடியையும் இறப்பையும் தெரிவித்தாக வேண்டும். நல்ல முடிவு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு சொல்கிறது. 2030-க்குள் இறப்பைப் பாதியாகக் குறைப்பதே தேசியச் செயல்திட்டத்தின் இலக்கு. வெறும் எண்ணிக்கையை மட்டும் அனுப்பினால் எந்த மணி நேரத்தில் உயிர் போனது என்பது தெரியாது. ஆகவே அரசிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான ஒரு பக்க பாம்புக்கடி நேரத்தாளை அச்சிட்டுக் கொடுங்கள். கடித்த நேரம், வந்த நேரம், ஒவ்வொரு உறைவுச் சோதனையும் அதன் மணியும், இமையும் மூச்சு எண்ணிக்கையும், குப்பி எண்ணிக்கை, முதல் சொட்டின் நேரம், அட்ரினலின் எடுத்து வைத்ததற்கான கையெழுத்து, சிறுநீர் அளவு, அனுப்பிய நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். கார்பன் நகல் நோயாளியின் உறவினர் கையில் அப்போதே போகட்டும். அசல் நோயாளியோடு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். இறப்பைத் தெரிவிக்கும் படிவத்தோடு இந்தத் தாள் இணைக்கப்படாவிட்டால் மாவட்ட சுகாதார அலுவலர் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவரும்
நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரும்